மதுரை வீரனுக்கு எத்தனை மதிப்பெண்?

நாட்டார் கதைகளைப் பற்றிச் சனிக்கிழமை நடந்த அந்த இணையவழி உரையைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அதிலிருந்து வெட்டிய காணொளித் துண்டை நேற்று முதல் ஆளாளுக்கு எனக்கே அனுப்பி, "உங்கள் நாட்டார் வழக்காற்றியல் துறையைப் பற்றி அருமையாகப் பேசியிருக்கிறார், பாருங்கள்" என்று சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பேச்சாளர் பெயரை நான் சொல்லப்போவதில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும். அக்காத்திய அரசன் சர்கோன், விவிலியத்து மோசே, கர்ணன், மதுரை வீரன் ஆகிய நால்வர் கதையும் ஒரே கதைதானாம். கைவிடப்பட்ட அரச குழந்தை எளியவர் வீட்டில் வளர்ந்து வீரனாவது மனித மனத்தின் பொது வார்ப்பாம். ஆகவே ஊர் ஊராகப் போய்க் கதைப்பாடல்களைத் தோண்டிக்கொண்டிருப்பது வீண் வேலையாம். (மோசே அரச குழந்தையே அல்லர், அடிமைகளின் வீட்டில் பிறந்து அரண்மனையில் வளர்ந்தவர், வார்ப்பு அங்கேயே தலைகீழாகிவிட்டது என்பதை யாரும் கேட்கவில்லை.) பிறகு, புராண நாயகர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வருபவை என்று ஆங்கிலேயரான ராக்லன் பிரபு 1936இல் வெளியிட்ட 22 அம்சப் பட்டியலைத் திரையில் போட்டு, அவற்றில் எத்தனை பொருந்துகின்றன என்று மதுரை வீரனுக்கு மதிப்பெண் வேறு இட்டார்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் அதே பட்டியலை ஆபிரகாம் லிங்கனுக்கு வைத்துப் பார்த்து, அவரும் வாழ்ந்திராத புராண நாயகர்தான் என்று கேலியாக நிறுவிக் காட்டியவர்கள் அமெரிக்காவிலேயே இருக்கிறார்கள். அதைத் திரையில் காட்ட நேரம் இருந்திருக்காது போலும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஒரு கதையில் எந்தப் பகுதி உலகப் பொதுவானதாகத் தெரிகிறதோ, அந்தப் பகுதியை அங்கே யார், எதற்காக வைத்தார்கள் என்று கேட்காமல் ஒப்பிடக் கூடாது.

மதுரை வீரன் கதையையே எடுத்துக்கொள்வோம். காசி அரசனுக்குக் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை காட்டில் விடப்படுகிறது. சின்னான், செல்லி என்ற அருந்ததியர் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். அவன் வளர்ந்து பொம்மண்ண நாயக்கர் மகள் பொம்மியைக் கொண்டுபோய் மணக்கிறான். முடிவில் மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். இதில் காசி அரசன் பகுதி பிற்பாடு ஒட்டப்பட்டது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இங்கே உண்டு. காரணம் வெளிப்படையானது. சக்கிலியர் வீட்டுப் பிள்ளை நாயக்கர் பெண்ணை மணந்தான் என்று பாடினால் சிலருக்குப் பொறுக்காது. "அவன் பிறப்பால் அரசகுமாரன்" என்று முன்னால் ஒரு காட்சியைச் சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் பொறுக்கும். செருப்புத் தைக்கும் சக்கிலியர் வீட்டுப் பெண்களைப் பிராமணன் ஒருவன் மணக்கும் முத்துப்பட்டன் கதையிலும் இதேதான். பூணூலையும் குடுமியையும் விட்டுச் செருப்புத் தைத்துக் காட்டினால்தான் பெண் தருவேன் என்கிறார் பெண்களின் தந்தை வாலப்பகடை; அதைச் செய்துதான் பட்டன் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். ஆனால் அந்தப் பெண்கள் உண்மையில் காட்டில் கண்டெடுக்கப்பட்ட பிராமணக் குழந்தைகள் என்று சொல்லும் பாடமும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் இந்தக் கதையைப் பதிப்பித்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை, அதைப் பிற்காலக் கைவேலை என்றே கருதினார்.

ஆக, பேச்சாளர் மதிப்பெண் போட்ட இடம் எது? ஒரு சாதிக் கலப்பை மறைக்கப் பூசிய சுண்ணாம்புக்கு அவர் மதிப்பெண் போட்டிருக்கிறார். அதற்குப் பெயர் மனித மனத்தின் ஆழமாம்!

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவன். பட்டன் பிறப்பைப் பாடும்போது பாதிக் கூட்டம் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கும். அவன் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு விழும் இடத்தை உடுக்கும் குடமும் நெருக்கிக்கொண்டு வரும்போது ஒருவர் எழுந்து போகமாட்டார். சாமியாடிகளுக்கு அருள் இறங்குவதும் அங்கேதான். கல்லூரி நாட்களில் ஒருமுறை, பெண்களின் பிறப்பை ஏன் ஊருக்கு ஒரு மாதிரி பாடுகிறீர்கள் என்று வில்லுப்பாட்டுப் புலவரிடம் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கொடை குடுக்கிறவுக யாருன்னு பாத்துல்லா படிக்கணும், தம்பி" என்றார். அந்த ஒரு வரியில் இருக்கும் ஆய்வு, ஒன்றரை மணி நேர உரையில் இல்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், முத்துப்பட்டனே தெய்வமாகி நிற்கும் பட்டவராயன் சந்நிதிக்குப் போனவர்கள் தோல் செருப்புகள் தொங்குவதைப் பார்த்திருப்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் கட்டிவிட்டுப் போவது. பட்டவராயன் அவற்றைப் போட்டு நடப்பதால் அடுத்த ஆண்டுக்குள் அவை தேய்ந்துவிடும் என்பார்கள். ஒரு தெய்வத்துக்குச் செருப்பைக் காணிக்கையாக வைக்கும் அந்த மனிதர்களின் நினைவு, 22 அம்சங்களில் எந்த எண்ணில் வருகிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.

"ஒப்பியலே கூடாது என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 1928இல் ரஷ்ய ஆய்வாளர் பிராப், கதைமாந்தர் செய்யும் செயல்களை 31 செயற்கூறுகளாக வகுத்தார். ஆனால் ரஷ்ய அற்புதக் கதைகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்டிக்கொண்டார். பின்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் லௌரி ஹொங்கோ 1990இல் கர்நாடகக் கரையோரத் துளுநாட்டுக்கு வந்து, கோபால நாயக்கர் பாடப் பாட, சிரி என்ற பெண்ணைப் பற்றிய வாய்மொழிக் காவியத்தின் 15,683 அடிகளைப் பதிவு செய்தார். உலகக் காவியங்களை அறிந்த அவர் ஒரு பாடகர் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்தார். அந்தச் சிரி, கணவனின் துரோகம் பொறுக்காமல் விலகி மறுமணம் செய்துகொண்டவள். ராக்லன் பட்டியல் ஆண்களுக்கானது என்பதால் அவளுக்கு மதிப்பெண்ணே கிடையாது!

"எங்கே போனாலும் சாதியைக் கொண்டுவந்துவிடுகிறீர்கள்" என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். ஐயா, நான் கொண்டுவரவில்லை. கதைக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

"பெரிய கோட்பாடு புரியாதவர்களின் புலம்பல்" என்ற கருத்தையும் பார்த்தேன். இருக்கலாம். உச்சி வெயிலில் ஒலிப்பதிவுக் கருவியோடு திண்ணை திண்ணையாக அலைகிறவர்களுக்குத் 'தகவல் சேகரிப்பவர்' என்றும், அந்தத் தகவலைத் திரையில் போட்டுக் கட்டம் கட்டுகிறவருக்கு 'அறிஞர்' என்றும் பெயர் வைத்துப் பல காலம் ஆகிறது. பாடியவருக்கோ பெயரே இல்லை. அடிக்குறிப்பில் "ஒரு தகவலாளி" என்று வந்தால் பெரிது.

அடுத்த வாரம் அவர் நல்லதங்காளையும் கிரேக்கப் புராணத்துப் பெண் மீடியாவையும் ஒப்பிடப்போகிறாராம், விளம்பரம் வந்துவிட்டது. பிள்ளைகளைக் கொன்றார்கள் என்பது இருவருக்கும் பொதுதான். மீடியா தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிவாங்கக் கொன்றாள். நல்லதங்காள் பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணன் மனைவி மூளி அலங்காரி விரட்டிவிட, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாள். வத்திராயிருப்புப் பக்கத்து அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. இதையெல்லாம் கேட்க நான் வருகிறேன். கேள்வி நேரத்தில் கருத்துப் பெட்டியைச் சனிக்கிழமை மூடியதுபோல் மூடிவிடாமல் இருந்தால் போதும்.