மூன்று நாள் மாத்திரையில் வைரஸ் சாகாது

காய்ச்சலுக்கு மருந்து சொல்லும் ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவைக் காலையிலிருந்து ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பேசியது யார் என்பதற்குள் நான் போகவில்லை. "காய்ச்சல் தொடங்கின அன்னைக்கே அசித்ரோமைசின் மூணு நாள் போட்டுடுங்க, நெஞ்சுல சளி இறங்காது" என்ற அந்த ஒரு வரிதான் மனதை அறுக்கிறது.

ஃப்ளூ மாதிரியான காய்ச்சல் வைரஸால் வருவது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்துக்கொண்டு, அது புரதம் தயாரிக்க விடாமல் தடுக்கும் மருந்து. வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோமே கிடையாது. அப்புறம் அந்த மருந்து எதைப் போய்ப் பிடிக்கும்?

"எனக்கு அந்த மாத்திரை கேட்டதே" என்பீர்கள். கேட்ட மாதிரிதான் இருக்கும். ஃப்ளூ காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தானாக இறங்கிவிடும். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும். "சளி பச்சையாக வருகிறதே?" வரட்டும். அந்த நிறம் நம் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியால் வருவது. நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவு கட்ட முடியாது. "டாக்டர்களே எழுதித் தருகிறார்களே?" பரிசோதித்துப் பார்த்து, நிமோனியா என்று சந்தேகித்து எழுதினால் கட்டாயம் சாப்பிடுங்கள். நான் சொல்வது குரல்பதிவு எழுதித் தரும் மருந்தை.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது அடுத்த வரி: "கூடவே ஒரு கோல்டு மாத்திரையும் போடுங்க." சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது. காய்ச்சலுக்கென்று தனியாகப் போடும் 650 மி.கி. பாராசிட்டமால் நான்கு வேளை என்றால் 2,600. சளி மாத்திரையும் நான்கு வேளை என்றால் இன்னொரு 2,000. மொத்தம் 4,600. வளர்ந்தவர்களுக்கே 24 மணி நேரத்துக்கு 4,000 மி.கி.தான் உச்சவரம்பு, எடை குறைந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், தினமும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அட்டையைத் திருப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். குழந்தைக்கு வயதை வைத்து ஊற்றாதீர்கள், எடையைப் பாருங்கள்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. பாட்டிலை மாற்றிவிட்டு அதே அளவு ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிப்பதால் வைரஸ் சாகாது. பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள்தான் மிச்சம்.

"வேலைக்குப் போகணுமே, படுத்துக் கிடக்க முடியுமா?" இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. விடுப்பு கிடைக்காதவர்தான் மாத்திரையைத் தேடி ஓடுகிறார், அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் நான்காம் நாளும் படுத்திருக்கும் பெண்ணைப் பார்த்து "இன்னுமா?" என்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் இருக்கும். உடல் அசதி அதற்கு மேலும் போகலாம். அது நடிப்பு இல்லை. பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அதுவரை யாரையும் அடுப்படிக்கும் அலுவலகத்துக்கும் விரட்டாதீர்கள்.

குழுவில் எதையாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால் இதை அனுப்புங்கள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை வைப்பதற்கு முன் நகப்பூச்சை அழித்து, விரலைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எண் ஓரிடத்தில் நிலைக்கும் வரை பொறுங்கள். 92 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவமனை. எண் நன்றாகவே இருந்தாலும் சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாரித்தால், பேச்சு குழம்பினால், குழந்தைக்கு மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினால் காத்திருக்காதீர்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்று. காய்ச்சல் விட்டு, இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு, மறுபடி குளிர்ஜுரமும் இருமலும் ஏறினால், வைரஸுக்குப் பின்னால் பாக்டீரியா நுழைந்திருக்கலாம். ஆன்டிபயாடிக் நிஜமாகவே தேவைப்படக்கூடிய நாள் அதுதான். அன்றைக்குப் பார்த்து "அதான் ஏற்கெனவே மூணு நாள் போட்டாச்சே" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.