அந்தக் கறுப்பு ஒன்றும் சும்மா கிடந்த பந்து இல்லை

நேற்றிலிருந்து அந்த ரீல் என் டைம்லைனில் நாலு முறை வந்துவிட்டது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். 1994 உலக ஸ்னூக்கர் இறுதிப் போட்டி, கடைசி பிரேம் (ஸ்னூக்கரில் ஒரு சுற்று ஆட்டம்), லண்டன்காரர் ஜிம்மி ஒயிட் கறுப்புப் பந்தைப் பாக்கெட்டில் போடாமல் தவறவிடுகிறார். பின்னணியில் சிரிப்புச் சத்தம், மேலே "குழந்தைகூடப் போடும் பந்து" என்று எழுத்து. மொத்தம் பன்னிரண்டு விநாடி. பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் நல்ல நண்பர்கள், அதனால் சும்மா கடந்துபோகலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

முதலில் அந்தப் பந்தைப் பற்றிப் பேசுவோம். கறுப்பை வைக்கும் இடம், அதாவது அதன் ஸ்பாட், மேசையின் மேல் விளிம்புக் குஷனிலிருந்து 12¾ அங்குலத்தில் இருக்கிறது. மேசையின் ஆட்டப் பரப்பு அகலம் 5 அடி 10 அங்குலம். ஆக ஸ்பாட்டிலிருந்து மூலைப் பாக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட 95 செ.மீ. தூரம். பந்தின் விட்டம் 52.5 மி.மீ. பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய 3½ அங்குலம். பந்து உள்ளே போக இரு பக்கமும் மிஞ்சுவது தலா 18 மி.மீ. இடம். இப்போது க்யூ என்ற கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து கறுப்பைத் தொடும் இடத்தில் 1 மி.மீ. தப்பாக வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? கறுப்பு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகத் திசை மாறும். 95 செ.மீ. போவதற்குள் அது 18 மி.மீ. விலகல். அதாவது ஒரு மில்லிமீட்டர் தப்பினால் இருந்த இடம் மொத்தமும் காலி. வேகமாக அடித்திருந்தால் பந்து பாக்கெட்டின் வாயில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே நிற்கும். மெதுவாக அடித்திருந்தால் ஒருவேளை உள்ளே விழும்.

"அப்போ மெதுவா அடிச்சிருக்கலாமே" என்று ஒருவர் கேட்பார். கேட்பவர் ஸ்னூக்கரைக் கேரம் போர்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கறுப்பு விழுந்தால் 7 புள்ளி, சரி. ஆனால் ஒரு சிவப்பு, ஒரு வண்ணப் பந்து என்று மாறி மாறிப் போட்டாக வேண்டும். வெள்ளை அடுத்த சிவப்புக்கு வந்து நிற்காவிட்டால் அந்த 7 வெறும் 7 தான், எதிராளி எழுந்து வந்துவிடுவார். ஆக ஒரே அடியில் இரண்டு வேலை: கறுப்பைப் போடவும் வேண்டும், வெள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டும். அதற்கு ஸ்க்ரூ (வெள்ளைக்குப் பின்சுழற்சி) வேண்டும், சில சமயம் சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) வேண்டும், வேகம் வேண்டும். சைடு கொடுத்தால் வெள்ளை நேர்கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போகும், அதைக் கணக்கில் வைத்துத்தான் குறி பார்க்க வேண்டும். இதோடு பதற்றமும் சேர்ந்தால் பின்கை க்யூவை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கினால் க்யூ நேராகப் போகாது. அடித்து முடிக்கும் முன்பே பந்து விழுகிறதா என்று பார்க்கத் தலை அரை அங்குலம் எழும். தலை எழுந்தால் தோள் எழும், தோள் எழுந்தால் க்யூவின் நுனி விலகும். அந்த 1 மி.மீ. இப்படித்தான் வருகிறது. குழந்தைகூடப் போடுமாம்!

நான் ஒன்றும் மறைக்கவில்லை. அவர் அதைப் போட்டிருக்க வேண்டும். அந்தத் தரத்தில் இருப்பவர்கள் பத்துக்கு ஒன்பது முறைக்கு மேல் போடுவார்கள். அதை யாராவது அமைதியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். சிரிப்புச் சத்தம் எதற்கு?

அந்தப் பன்னிரண்டு விநாடிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று ரீலில் இல்லை. ஸ்கோர் 17-17. யார் முதலில் 18 எடுக்கிறாரோ அவருக்குக் கோப்பை, 35 பிரேம்களில் இதுதான் 35-வது. அன்று மே 2, ஒயிட்டின் 32-வது பிறந்தநாள். கறுப்பைத் தவறவிடும்போதும் அந்த பிரேமில் 37-24 புள்ளி என்று அவர்தான் முன்னிலை. அதன் பிறகு எதிராளி ஸ்டீபன் ஹென்ட்ரி எழுந்து வந்து ஒரே மூச்சில் 58 புள்ளி அடித்து பிரேமை முடித்தார். அந்தத் தொடரின் நடுவில்தான் ஹென்ட்ரி ஹோட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கையில் எலும்பு முறிவோடு ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் கையோடு, அந்த நிமிடத்தில், 58. ரீல் போட வேண்டுமானால் அதைப் போடுங்கள். ஆனால் அது நிமிடக்கணக்கில் ஓடும், அதில் சிரிக்க ஒன்றும் இருக்காது.

"ஒரு தடவை சரி, ஆறு பைனல்ல தோத்தாரே?" இது வரும் என்று தெரியும். ஆமாம், ஆறு: 1984, பிறகு 1990 முதல் 1994 வரை வரிசையாக ஐந்து. எதிரில் யார் என்று பாருங்கள். 1984-ல் ஸ்டீவ் டேவிஸ். முதல் நாள் முடிவில் 4-12 என்று பின்தங்கியிருந்த 22 வயதுப் பையன் ஒயிட் மறுநாள் 11-13 வரை இழுத்துக்கொண்டு வந்து, கடைசியில் 16-18-ல் தோற்றான். மற்ற ஐந்தில் நான்கு ஹென்ட்ரி. ஏழு முறை உலகச் சாம்பியன் ஆனவர். 1991-ல் ஜான் பேரட், முதல் அமர்விலேயே 7-0 என்று அடித்து நொறுக்கிவிட்டார், 11-18.

1992-ஐக் கேட்பீர்கள். அதுதான் உண்மையில் வலிக்கிற இடம், 1994 இல்லை. ஒயிட் 14-8 என்று முன்னால் இருந்தார். இன்னும் நாலே பிரேம். ஹென்ட்ரி வரிசையாகப் பத்து பிரேம் எடுத்தார், 18-14. கடைசி இரண்டும் நூறைத் தாண்டிய பிரேக் (ஒரே மூச்சில் எடுக்கும் புள்ளி). எதிராளி அப்படி ஆடும்போது ஸ்னூக்கரில் உங்களால் செய்ய முடிந்தது நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது மட்டும்தான். டென்னிஸ் போல எதிர்ப்பக்கம் நின்று திருப்பி அடிக்கவெல்லாம் முடியாது. ஒயிட் சேஃப்டியில், அதாவது எதிராளிக்கு வாய்ப்புத் தராத தற்காப்பு ஆட்டத்தில், பொறுமை இல்லாதவர், முன்னிலையில் இருக்கும்போதும் பந்தை ஒளித்துவைக்காமல் போடவே பார்ப்பார் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அது குறைதான். ஆனால் அந்தக் குறைக்காகத்தானே ஷெஃபீல்டு கிருசிபிள் அரங்கம் அவருக்காகக் கத்தியது? (1993-ல் 5-18. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அடி வாங்கினார், அவ்வளவுதான்.)

"நெருக்கடியைத் தாங்கத் தெரியாதவர்" என்கிறவர்களுக்கு 1984 மாஸ்டர்ஸ் அரையிறுதி. கனடாவின் கிர்க் ஸ்டீவன்ஸ் அவருக்கு எதிராக 147 அடித்தார், ஒரு பிரேமில் வழக்கமாக எடுக்கக்கூடிய அதிகபட்சம் அது. பதினைந்து சிவப்பு, பதினைந்து கறுப்பு, பிறகு ஆறு வண்ணம், ஒரு பிழைகூட இல்லை. அரங்கமே எழுந்து நின்று ஆடுகிறது. எவனும் உடைந்துபோயிருப்பான். ஒயிட் அடுத்த பிரேமிலேயே நூறைத் தாண்டிய பிரேக் போட்டு 6-4 என்று முடித்தார், பிறகு இறுதியில் டெர்ரி கிரிஃபித்ஸை 9-5 என்று வென்று கோப்பையும் எடுத்தார். 1992 உலகப் போட்டியின் முதல் சுற்றில் டோனி டிராகோவுக்கு எதிராக அவரே 147 அடித்தார், கிருசிபிளில் அது இரண்டாவது. அதே வருடம் யுகே சாம்பியன்ஷிப்பும் அவருக்குத்தான், அதுவும் பேரட்டை 16-9 என்று வென்று. இதெல்லாம் ரீலில் ஏறாது.

இன்னொரு கணக்கு. 1986-ல் ஜோ ஜான்சன் உலகச் சாம்பியன் ஆனார், 150-க்கு 1 என்று பந்தயம் கட்டப்பட்ட ஆள், இறுதியில் டேவிஸையே 18-12 என்று வீழ்த்தினார். அருமையான வெற்றி, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே தரவரிசைப் பட்டம் (உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் போட்டியின் பட்டம்) அதுதான். ஒயிட் எடுத்தது பத்து. எல்லாவற்றையும் உலகக் கோப்பை ஒன்றை வைத்தே அளப்பேன் என்றால் ஜான்சன் பெரியவர், ஒயிட் ஒன்றுமில்லாதவர். அந்த அளவுகோலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் எங்கிருந்து வந்தார் என்றாவது தெரியுமா? தெற்கு லண்டன், டூட்டிங். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஸான்ஸ் என்ற ஸ்னூக்கர் கூடத்தில் கிடந்த பையன், கூடவே நண்பன் டோனி மியோ. 1980-ல் 18 வயதில் டாஸ்மேனியாவில் உலக அமெச்சூர் பட்டம். அதே பட்டத்தை 1984-ல் நம் ஓம் அகர்வால் வென்றபோது இங்கே எத்தனை பேருக்குத் தெரிந்தது? இந்த விளையாட்டு பிறந்தது ஜபல்பூரில், விதிகளை எழுதியது 1882-ல் ஊட்டி கிளப்பில். ஊட்டியில் விதி எழுதிய ஆட்டத்தைப் பற்றி நாம் பன்னிரண்டு விநாடிக்கு மேல் பார்க்க மாட்டோம், கருத்து மட்டும் சொல்வோம்.

"குடி, சூதாட்டம், கொகெய்ன், எல்லாம் அவரே கெடுத்துக்கொண்டது." ஆமாம். அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பழக்கவழக்கம் பற்றிய பாடம் எடுக்க விரும்புகிறவர்கள் அதை நேராக எடுக்கட்டும், ஒரு கறுப்புப் பந்தின் மேல் சிரிப்புச் சத்தம் ஒட்டி எடுக்க வேண்டாம். அந்த மனிதர் 2004-ல், 42 வயதை நெருங்கும்போது, கிளாஸ்கோவில் பால் ஹண்டரை 9-7 என்று வென்று பத்தாவது தரவரிசைப் பட்டம் எடுத்தார். 2023-ல் 61 வயதில் உலக சீனியர் பட்டம். தோல்வி யாரை முடித்ததோ அவர் இத்தனை வருடம் கழித்துப் போய் மேசையில் குனிய மாட்டார்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. ரசிகன் என்பதால் கண் மறைக்கிறது என்பீர்கள், மறைக்கட்டும். பக்கத்தில் ஏதாவது கிளப்பில் பன்னிரண்டு அடி மேசை இருந்தால் போங்கள். கறுப்பை அதன் ஸ்பாட்டில் வையுங்கள். வெள்ளையைக் கொஞ்சம் கோணமாக மூன்றடி தள்ளி வையுங்கள். சும்மா போட்டால் கணக்கில்லை, கறுப்பும் விழ வேண்டும், வெள்ளையும் நடுப் பாக்கெட்டின் பக்கம் திரும்பி வந்து நிற்க வேண்டும். பத்து முறை. பக்கத்தில் யாரையும் நிற்க வைக்காதீர்கள், நெருக்கடியெல்லாம் வேண்டாம், காத்துக்கொண்டிருக்கும் ஹென்ட்ரியும் வேண்டாம். பத்தில் எத்தனை என்று உண்மையாக வந்து எழுதுங்கள், நான் சிரிக்க மாட்டேன்.