டார்கா வேறு, கன்வெர்ட்டிபிள் வேறு

"டார்காவும் கன்வெர்ட்டிபிள்தான், பெயர்தான் ஸ்டைல்" என்று கார் கூரைகளைப் பற்றி மேலே எழுதிய தம்பிக்கு: அப்படி இல்லை. பழைய மொறிஸ் மைனர் காரில் துணிக்கூரை வகை ஒன்று உண்டே, கூரை அப்படியே பின்னால் மடியும். அதுதான் கன்வெர்ட்டிபிள். டார்காவில் முன்கண்ணாடிக்கும் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் ரோல் பார் என்ற வளைந்த உலோகச் சட்டத்துக்கும் நடுவிலுள்ள கூரைப் பகுதி மட்டும் கழலும், பார் அசையாது. 1965இல் போர்ஷே 911 டார்காவை அறிமுகப்படுத்தியபோது பெரிதாகச் சொன்னதே அந்தப் பாரைத்தான்: கார் புரண்டால் தலை தப்பும். பெயர் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் இருந்து வந்தது.

கூரை கழலாத கூபே காரின் இறுக்கம் டார்காவில் முழுதாக வராது, சரி. சுசுகி கப்புச்சினோ என்ற சின்னக் காரில் கூரையின் மூன்று துண்டுகளையும் கழற்றி டிக்கியில் அடுக்கினால் வேறு சாமானுக்கு இடம் தேட வேண்டியதுதான். பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் கடற்காற்று வாங்க எனக்கு அது போதும்.