பாட்டு மட்டும் போட்டால் போதுமா?

பழைய பாட்டு என்றாலே தனியார் எஃப்எம்களில் இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இளையராஜா என்று ஆகிவிட்டது. எனக்கும் ராஜா உயிர்தான், சண்டைக்கு வராதீர்கள். அவர் இசையமைத்த முதல் படம் ‘அன்னக்கிளி’ வந்தது 1976-ல். அது பழசாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனசு வராவிட்டாலும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. சரி, தமிழ்ப் படம் பேச ஆரம்பித்தது 1931-ல். நடுவில் இருந்த நாற்பத்தைந்து வருஷப் பாட்டெல்லாம் எங்கே போச்சு?

ஜி.ராமநாதன், டி.ஜி.லிங்கப்பா, வேதா, வி.குமார் என்று அந்தக் கால இசையமைப்பாளர்கள் எல்லாம் காதில் விழ வேண்டுமென்றால் எங்கள் பக்கம் 100.5-தான். கொடைக்கானலில் இருக்கும் அகில இந்திய வானொலியின் கோடை பண்பலை. எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. நடுவில் மலை மறித்தால் கரகரக்கும். இவர்களுக்கோ மலைதான் கோபுரமே. 7,000 அடி உயரத்திலிருந்து விடுவதால் திண்டுக்கல், தேனி, மதுரை தாண்டியும் எடுக்கிறது.

ஆனால் நான் அதைக் கேட்பது பாட்டுக்காக மட்டும் இல்லை. பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்களே, அதற்காகவும்தான். எங்கள் தெரு தையல்காரர் மிஷினை மிதித்துக்கொண்டே, “கல்யாணப் பரிசுக்கு மியூசிக் யாரு? பாடுனாரே ஏ.எம்.ராஜா, அவரேதான்” என்பார். 1959 சமாச்சாரம், என்னமோ போன வாரம் ரிலீஸ் ஆன மாதிரி! அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ரேடியோ சொல்லிச் சொல்லிக் காதில் ஏறியது.

தனியாரில் முன்னிசை ஓடும்போதே ஆர்ஜே ஜோக் சொல்லிக்கொண்டிருப்பார். பாட்டு முடிந்ததும் நகைக்கடை விளம்பரம். யார் பாடியது, யார் எழுதியது, மூச்.

“யூடியூபில்தான் எல்லாம் இருக்கே” என்பீர்கள். இருக்கிறது. பெயர் தெரிந்தவன் தேடுவான். வி.குமார் என்று ஒருவர் இருந்தாரென்றே கேள்விப்படாத பையன் எதைத் தட்டித் தேடுவான்?

அதனால் தனியார் எஃப்எம்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். ராஜா நேரத்தில் கை வைக்க வேண்டாம், ஊரே திரண்டு வந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம், 1976-க்கு முந்தைய பாட்டு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பதினைந்து விநாடி பெயர்களைச் சொல்லுங்கள். முதல் நாள் யாரை வைத்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் என் ஓட்டு வி.குமாருக்கு. உங்கள் ஓட்டு யாருக்கு?