அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கொலை

போன வருஷம் அப்பா 17 நாள் வென்டிலேட்டரில் கிடந்தார். மூளையில் ரத்தக்கசிவு. 12-ஆம் நாள் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி நினைவு திரும்பாது, மெஷினை எடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார். மும்பை தாராவி வீட்டுக்கு வந்து ஊருக்குப் போன் போட்டேன். பெரியப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏல, பெத்த அப்பனைக் கொல்லச் சொல்லுதியா?"

அப்புறம் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்து நாள் கழித்து அப்பாவே போய்ச்சேர்ந்தார். குழாய் இருந்ததால் அம்மாவால் அவர் வாயில் ஒரு சொட்டுப் பால் ஊற்ற முடியவில்லை. இன்றுவரை அதைச் சொல்லித்தான் அழுகிறாள்.

பெரியப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. மெஷினை எடுப்பதைக் 'கருணைக்கொலை' என்றுதானே நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்? எங்கள் ஆச்சிக்கு வைத்தியர் கைவிரித்ததும் நடுவீட்டில் கிடத்தி, பிள்ளைகள் எல்லாரும் பால் ஊற்றினார்கள். அதைக் கொலை என்று எவரும் சொன்னதில்லை.

ஆனால் எங்கள் ஊர் இருக்கும் அதே தெற்குச் சீமையில்தான் தலைக்கூத்தலும் நடந்தது. முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுத்து முடித்துவிடுவார்கள். அது கொலையேதான். அதனால் பெரியப்பாவின் பயம் பொய்யில்லை. சட்டமும் அந்தப் பயத்தை மதித்துத்தான் போகிறது.

எங்களுக்குப் பக்கத்தில் பரேலில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனையின் நர்ஸ் அருணா ஷான்பாக். 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்து, 2015-ல் சாகும்வரை அங்கேயே கிடந்தார். அவரைச் சாக விடுங்கள் என்று ஒரு மனு போனபோது, விட மாட்டோம் என்று நின்ற நர்ஸ்களின் பக்கம்தான் 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. ஆனால் உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்ள வழி பிறந்ததும் அதே தீர்ப்பில்தான். 2018-ல் லிவிங் வில், அதாவது நினைவு திரும்பாத நிலை வந்தால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம், அதை எழுதவும் அனுமதி வந்தது. அதில் கையெழுத்து வாங்க 2023-லிருந்து மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போக வேண்டாம். இரண்டு சாட்சியும் நோட்டரியும் போதும். எழுதிவைத்திருந்தாலும் கருவியை எடுக்க இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். சொத்துக்கு அவசரப்படும் பிள்ளை தன்னிஷ்டத்துக்கு எதுவும் செய்துவிட முடியாது.

அந்த 17 நாளில் இதில் ஒன்றைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா என்ன நினைத்தார் என்பதும் தெரியாது. நாங்கள் கேட்டதே இல்லை.

இப்போது என்னுடையதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழ்வீட்டு அண்ணாச்சி சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார். நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "குழாயை எடுத்த பொறவு பால் ஊத்தணும்னு அதுல எழுது" என்றாள்.

எழுதியிருக்கிறேன்.