எந்த கியோகுஷின்?

கியோகுஷின் கராத்தே கற்கிறேன் என்று ஒருவர் சொன்னால், விவரம் தெரிந்தவர் அடுத்துக் கேட்பது "எந்த கியோகுஷின்?" என்பதுதான். ஆசான் கண்ணை மூடிய பிறகு முளைத்த கேள்வி அது.

கியோகுஷினை உருவாக்கிய அந்த ஆசான் மாஸ் ஒயாமா, கொரியாவில் பிறந்து ஜப்பானில் பெயரெடுத்தவர். 1964இல் டோக்கியோவின் இகெபுகுரோவில் தலைமையகத்தைத் திறந்தார். கையுறை இல்லை, மார்புக் கவசம் இல்லை. முகத்தில் மட்டும் குத்தக்கூடாது, மற்றபடி முழு பலத்தோடு அடிக்கலாம். பள்ளி உலகமெல்லாம் பரவியது. கடைசி வார்த்தை மட்டும் அவருடையதாகவே இருந்தது. 1980இலேயே அஷிஹாரா மாதிரி மூத்த மாணவர் வெளியேறித் தனிப்பள்ளி வைத்தாயிற்று.

1994 ஏப்ரல் 26 அன்று, 70 வயதில், நுரையீரல் புற்றுநோயால் ஒயாமா இறந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவர் சொல்லச் சொல்ல எழுதியதாக ஓர் உயில் வந்தது. அதன்படி அடுத்த தலைவர் மாட்சுயி ஷோகேய், வயது 31. ஆள் லேசுப்பட்டவர் இல்லை. 1986இல் ஒரே நாளில் நூறு பேரோடு ஒருவர் பின் ஒருவராக மோதியவர். மறு வருடம் உலக சாம்பியன். ஆனால் ஒயாமாவின் குடும்பம் உயிலை ஏற்கவில்லை. 1995இல் குடும்ப நீதிமன்றம் அதைத் தள்ளியது, 1997இல் உச்ச நீதிமன்றத்திலும் அது நிற்கவில்லை.

அதற்குள் மாட்சுயி ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம், கிளைத் தலைவர்கள் பலர் இன்னொரு பக்கம். அந்த மூன்றாவது அணி, 1991 சாம்பியன் மிடோரி கென்ஜியின் தலைமையில், 2003இல் பெயருக்கு முன்னால் 'ஷின்' சேர்த்துக்கொண்டது. 'புதிய' என்று அர்த்தம். சீருடையின் மார்பில் கூடுதலாக ஒரே ஓர் எழுத்து!

மாட்சுயிக்கு ஆசை என்பார்கள், குடும்பத்துக்குப் பிடிவாதம் என்பார்கள். நான் ஒயாமாவைத்தான் சொல்வேன். எருதை வெறுங்கையால் அடித்தவருக்கு, தெம்பாக இருந்த காலத்தில் வாரிசு முறையை ஒரு தாளில் எழுதிவைக்க முடியவில்லையா?

ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகானைப் பாருங்கள். 1882இல் ஒரு கோயிலில் 12 பாய் விரித்துத் தொடங்கியது. அதைத் தொடங்கிய கானோ ஜிகோரோவுக்குப் பின் சகோதரி மகன், மகன், பேரன் என்று அங்கேயும் குடும்ப ஆட்சிதான், அதை ஒன்றும் நான் மெச்சவில்லை. ஆனால் 2009இல் பேரன் யுகிமித்சு, தான் உயிரோடு இருக்கும்போதே, குடும்பத்துக்கு வெளியே இருந்த உயெமுரா ஹருகியிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். உயெமுரா 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். அப்புறம் ஏறக்குறைய பதினோரு வருடம் யுகிமித்சு உயிரோடு இருந்தார்.