விதைநெல்லைக் கொடுத்து ஆள் வாங்கலாமா?

2025 அக்டோபர் 15, இரவு 7.30. ஆஸ்திரேலிய ஃபூட்டியின் ஏஎஃப்எல் லீக்கில் கிளப்புகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் நேரம் முடிந்தது. ஹாத்தோர்ன் கிளப்புக்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்த, அப்போதைய எசெண்டன் கிளப் கேப்டன் ஸாக் மெரட் எசெண்டனிலேயே நின்றுவிட்டார். ஹாத்தோர்ன் ரசிகனான நான் அன்று சாயங்காலம் முழுக்க போனைக் கீழே வைக்கவில்லை. தட்டில் போட்ட சோறு ஆறிப்போய்க் கிடந்தது, 7.20க்கு மேல் ஒரே செய்திப் பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன், 7.31க்கும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசை அண்ணர் எனக்காகக் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எசெண்டன் என்றால் உயிர். "தம்பி, கையெழுத்துப் போட்டவன் கையெழுத்தை மதிக்க வேணும். 2027 வரைக்கும் ஒப்பந்தம் இருக்கு. எங்களை விட்டிட்டு வர நினைச்சவன் நாளைக்கு உங்களையும் விட்டிட்டுப் போவான். ஏன் அப்பிடி ஒருத்தன் உங்களுக்கு?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அங்கே சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை, இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. ஆஸ்திரேலிய ஃபூட்டியில் 18 கிளப்புகள். ஐரோப்பியக் கால்பந்து மாதிரி இங்கே ஆளை விலை கொடுத்து வாங்க முடியாது, எல்லாக் கிளப்புக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. இங்கே செலாவணி என்பது டிராஃப்ட் பிக்தான், அதாவது வருடக் கடைசியில் இளம் ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுக்கும் உரிமை. தரவரிசையில் கடைசியில் முடித்த கிளப்புக்கு முதல் பிக். ஒரு ஆட்டக்காரர் வேறு கிளப்புக்குப் போகக் கேட்டால், இருக்கிற கிளப் பிக்குகளையோ வேறு ஆட்டக்காரர்களையோ வாங்கிக்கொண்டு விடலாம், ஒப்பந்தம் இருந்தால் முடியாது என்றும் சொல்லிவிடலாம். இன்னொன்று, ஆட்டக்காரர் சம்மதிக்காமல் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது.

சரி, முதலில் அந்த விசுவாசக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆடம் டிரெலோர் காலிங்வுட்டோடு 2025 வரை ஒப்பந்தம் வைத்திருந்தார். 2020 கடைசியில் சம்பள உச்சவரம்பு இடித்ததால் அவரை வெளியே தள்ளினார்கள். போக விருப்பமில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியும் கடைசியில் புல்டாக்ஸுக்குப் போக வேண்டியதாயிற்று. பிரோடி கிரண்டிக்கு 2027 வரை ஒப்பந்தம், 2022இல் அவரையும் மெல்பர்ன் கிளப்புக்கு அனுப்பினார்கள், சம்பளத்தில் ஒரு பங்கைக் காலிங்வுட்டே கொடுத்தது. சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் உன்னை இங்கே யாருக்கும் வேண்டாம் என்று தெரிந்த பிறகு எத்தனை பேரால் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியும்? அப்போதெல்லாம் கிளப் துரோகம் செய்துவிட்டது என்று தெருவில் நின்று யாரும் கத்தவில்லை, பட்டியல் நிர்வாகம் என்று பெயர் வைத்தோம். ஆட்டக்காரர் அதையே செய்தால் மட்டும் துரோகி என்கிறோம். இது எனக்குச் சரியாகப் படவே இல்லை.

விட்டுப் போகக் கேட்டவன் மனசு விட்டு ஆடமாட்டான் என்பதும் உண்மையில்லை. டிம் கெல்லி 2018இல் தன் கிளப்பான ஜீலாங்கிடம் பெர்த்துக்குப் போகக் கேட்டார், சின்னக் குழந்தைகள், குடும்பம் எல்லாம் அங்கே. பேரம் படியவில்லை. அடுத்த வருடம் ஜீலாங்குக்கே ஆடி வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்து அறிவிக்கும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம் பிடித்தார், அதற்குப் பிறகுதான் பெர்த் கிளப்பான வெஸ்ட் கோஸ்ட்டுக்குப் போனார். ஒருவன் இடம் மாறக் கேட்டான் என்பதை வைத்து அவன் குணத்தை அளக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மெரட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிராஃப்டில் வந்தவர். எசெண்டன் கடைசியாக ஒரு ஃபைனல்ஸ் ஆட்டத்தில், அதாவது செப்டம்பரில் மேல்வரிசைக் கிளப்புகள் கோப்பைக்காக ஆடும் ஆட்டத்தில், ஜெயித்தது 2004இல். அதாவது இவ்வளவு காலம் ஆடியும் இந்த மனிதர் ஒரு ஃபைனல்ஸ் வெற்றியைக்கூடப் பார்க்கவில்லை. அக்டோபரில் அவருக்கு 30 வயது. இன்னும் எத்தனை செப்டம்பர் மிச்சம் இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்த்ததில் என்ன தப்பு? அண்ணருக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் அப்படித்தான் வலித்திருக்கும்.

ஆக, கேட்டு வருகிறவனை எடுப்பதில் எனக்கு மனத்தடை கிடையாது. என் கேள்வியே வேறு. எதைக் கொடுத்து எடுக்கிறோம், நம் வீடு எந்த நிலையில் இருக்கிறது? ஆட்டக்காரரைப் பற்றி ஆயிரம் விசாரிக்கிறோம், முட்டி எப்படி, மனசு எப்படி, ஏன் வருகிறான், யார் சிபாரிசு. நம்மைப் பற்றி விசாரிப்பதே இல்லை.

இதற்கு 2018ஆம் வருடத்து ஆறாவது பிக்கின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்த பிக் முதலில் பிரிஸ்பேனிடம் இருந்தது. பெர்த் பக்கத்து ஃப்ரீமாண்டில் கிளப்பின் லாக்கி நீல் பிரிஸ்பேனுக்குப் போகக் கேட்டார், பிரிஸ்பேன் ஆறாவது பிக்கையும் 19ஆவது பிக்கையும் சேர்த்துக் கொடுத்தது. ஃப்ரீமாண்டில் அந்த ஆறாவது பிக்கைக் கையில் வைத்திருக்கவில்லை, மெல்பர்னிடமிருந்து பெர்த் பையனான ஜெஸ்ஸி ஹோகனை வாங்கக் கொடுத்துவிட்டது. மெல்பர்னும் வைத்திருக்கவில்லை, கோல்ட் கோஸ்ட்டிடம் கொடுத்து ஸ்டீவன் மேயையும் கூட ஒருவரையும் வாங்கியது. கோல்ட் கோஸ்ட்தான் கடைசியில் அந்த பிக்கைப் பயன்படுத்தி பென் கிங்கை எடுத்தது.

ஒரே பிக், நாலு வீடு. என்ன ஆயிற்று? நீல் பிரிஸ்பேனில் 2020, 2023 என்று இரண்டு முறை வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம் வாங்கினார், 2024இலும் 2025இலும் கோப்பை வென்றார். கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டமான 2025 கிராண்ட் ஃபைனலுக்குக் கெண்டைக்கால் காயத்தோடு மாற்று ஆட்டக்காரராக பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பிறகு இறங்கி ஆடினார். ஸ்டீவன் மே, மெல்பர்னோடு 2021இல் கோப்பை வென்றார். ஹோகனோ சொந்த ஊருக்கு வந்தும் ஃப்ரீமாண்டிலில் இரண்டு வருடத்தில் 19 ஆட்டம்தான் ஆடினார். காலில் காயம், அதோடு களத்துக்கு வெளியேயும் கஷ்டமான நாட்கள். அப்புறம் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அவரை 54ஆவது பிக்குக்கு எடுத்தது. ஐம்பத்துநாலு! அதே ஹோகன்தான் 2024இல் அதிக கோல் அடித்ததற்கான கோல்மன் பதக்கத்தை வாங்கினார்.

"வீட்டுக்கு வருகிறான், நிச்சயம் நன்றாக ஆடுவான்" என்று சொல்பவர்கள் ஹோகன் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். ஊர் ஏக்கம் உண்மையானதுதான், மதிக்க வேண்டியதுதான், ஆனால் அதை நம்பி இரண்டு நல்ல பிக்கை எடுத்து நீட்டக் கூடாது. பாட்ரிக் டேஞ்சர்ஃபீல்டும் அடிலெய்டிலிருந்து ஜீலாங்குக்கு வீடு திரும்பினவர்தான், வந்த முதல் வருடமே, 2016இல், பிரௌன்லோ வாங்கினார். ஆனால் அவர் வந்த வீடு ஏற்கெனவே நிறைந்திருந்த வீடு. கோப்பை வர 2022 வரைக்கும் அவரே காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரிஸ்பேனையே இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2018இல் அவர்கள் ஐந்தே ஆட்டம் ஜெயித்து 15ஆவது இடத்தில் முடித்தார்கள். அந்த நிலையில் உள்ள கிளப் ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு பிக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரியும். ஆனால் ஹியூ மெக்ளக்கேஜ், கேம் ரேனர், ஹாரிஸ் ஆண்ட்ரூஸ், ஜாரட் பெர்ரி எல்லோரும் அப்போதே அங்கே இருந்தார்கள். விதைத்தாகிவிட்டது, நாற்று எழுந்துவிட்டது, தண்ணீர் பாய்ச்ச ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது. அடுத்த வருடமே இரண்டாவது இடம். தரவரிசையில் எந்த இடம் என்பதைவிட வயலில் என்ன நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

இதற்கு நேர் எதிர் 2007 கார்ல்டன். கிறிஸ் ஜட் கார்ல்டன் இருக்கிற மெல்பர்ன் நகரத்துக்குத் திரும்பக் கேட்டார். 2006இல் வெஸ்ட் கோஸ்ட்டுக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 2004 பிரௌன்லோ, அப்போது வயது 24. யார்தான் வேண்டாம் என்பார்கள்? நானாக இருந்தாலும் ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கியிருப்பேன். கார்ல்டன் மூன்றாவது பிக், 20ஆவது பிக், அதோடு ஜோஷ் கென்னடி என்ற இளைஞர், எல்லாம் கொடுத்தது. ஜட் ஏமாற்றவில்லை. கேப்டனாக இருந்தார், 2010இல் இன்னொரு பிரௌன்லோ வாங்கினார். ஆனால் கோப்பை வரவில்லை, 1995க்குப் பிறகு கார்ல்டனுக்கு இன்றுவரை வரவில்லை. கென்னடியோ வெஸ்ட் கோஸ்ட்டுக்கு மட்டும் 712 கோல் அடித்தார், கடைசி ஆட்டத்தில்கூட எட்டு. 2018 கோப்பை அணியில் அவர் இருந்தார். அந்த மூன்றாவது பிக்கில் எடுத்த கிறிஸ் மாஸ்டனும் இருந்தார்.

டிராஃப்ட் பிக் விதைநெல் என்றால் கென்னடி வளர்ந்து கதிர் பிடிக்கப் போகிற பயிர். விதைநெல்லில் கொஞ்சம் கொடுக்கலாம், அடுத்த வருடம் மறுபடி சேரும். வயலில் நிற்கிற பயிரைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு அறுவடைக்கு ஆள் கூட்டி வந்து என்ன செய்வது?

தங்கள் நிலையைத் தாங்களே தப்பாக எடைபோட்ட கிளப்பும் உண்டு. 2017 கிராண்ட் ஃபைனலில் தோற்ற அடிலெய்டு, இன்னும் ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும் என்று நினைத்து 10, 16 ஆகிய இரண்டு முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்து 28 வயது பிரைஸ் கிப்ஸை எடுத்தது. முதல் வருடம் அவர் நன்றாகவே ஆடினார். ஆனால் அணி அவரைச் சுற்றிச் சரிந்துகொண்டே போனது. 2020இல் அடிலெய்டு கடைசி இடத்தில் முடித்தது, அதே வருடம் கிப்ஸும் ஓய்வு பெற்றார்.

ஆனால் இவ்வளவு கணக்கையும் ஒரு உதை மாற்றிப் போடும் நாளும் வரும். டாம் பாய்ட் 2013 டிராஃப்டில் முதல் பிக். கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு 9 ஆட்டம் ஆடிவிட்டு ஊர் திரும்பக் கேட்டார். புல்டாக்ஸ் தங்கள் கேப்டன் ரயன் கிரிஃபனையும் (அவரும் போகக் கேட்டிருந்தார்) ஆறாவது பிக்கையும் கொடுத்து, பையனுக்கு ஏழு வருட ஒப்பந்தம் போட்டது. 19 வயது, வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் என்று பேச்சு, கேலி செய்யாத வாய் இல்லை. 2016 கிராண்ட் ஃபைனல், ஆட்டத்தின் நாலாவது, கடைசிப் பகுதி, எதிரில் சிட்னி. டேல் மோரிஸ் பின்னாலிருந்து பாய்ந்து லான்ஸ் ஃபிராங்க்ளினைப் பிடித்துக் கீழே தள்ள, பந்து சிதறி பாய்ட் கைக்கு வருகிறது. கோலிலிருந்து 50 மீட்டர் கோட்டுக்கும் வெளியே. நிமிர்ந்து ஒரே உதை. பந்து காலி இடத்தில் விழுந்து, துள்ளி, இன்னொரு முறை துள்ளி, கம்பங்களுக்கு நடுவே உருண்டு போகிறது. 1954க்குப் பிறகு புல்டாக்ஸுக்கு முதல் கோப்பை. அது அவருக்கு அன்று மூன்றாவது கோல். 2019இல், 23 வயதில், மொத்தம் 61 ஆட்டத்தோடு அவர் விலகினார். மன அழுத்தத்தோடு போராடியதை அவரே பேசியிருக்கிறார், மிச்சமிருந்த ஒப்பந்தப் பணத்தையும் விட்டுவிட்டுப் போனார். அவரை எடுத்தது தப்பு என்று எந்த புல்டாக்ஸ் ரசிகராவது சொல்வாரா? 62 வருடம் காத்திருந்தவர்களிடம் போய்க் கேளுங்கள்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஹாத்தோர்ன் 2025இல் பிரிலிமினரி ஃபைனலில், கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டத்தில், ஜீலாங்கிடம் தோற்றது. வயலில் நல்ல பயிர் நிற்கிறது, நடுக்களத்தில் பந்தைப் பிடித்து நிதானமாக வெளியே கொடுக்க ஒரு ஆள் குறைகிறது என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரிகிறது. மெரட் அதற்கென்றே செய்த மாதிரி ஆள். அதனால் முதல் சுற்று பிக்குகளை நீட்டியது சரி, இன்னும் ஒன்று கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கலாம் என்பேன், 30 வயது என்று தெரிந்தே சொல்கிறேன். நல்ல ஆட்டக்காரர் ஒருவரும் வேண்டும் என்று எசெண்டன் கேட்டதாகச் செய்திகள் வந்தன. அங்கே ஹாத்தோர்ன் நிறுத்திக்கொண்டதும் சரி. அன்று இரவு 7.31க்கு எனக்கு அது சரியாகத் தெரியவில்லை, வயிறு எரிந்தது. கென்னடியை நினைத்த பிறகுதான் ஆறியது. தங்கள் கேப்டனுக்கு அந்த விலை கேட்க எசெண்டனுக்கு முழு உரிமை உண்டு, நான் அந்தப் பக்கம் இருந்தால் இன்னும் கூடக் கேட்டிருப்பேன்.

அண்ணரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மெரட் மறுபடியும் கேட்டால் எங்கள் கிளப் மறுபடியும் வரவேண்டும் என்றுதான் நான் சொல்வேன், பிக்குகளோடு மட்டும். கேட்காமல் உங்களிடமே நின்று ஒரு ஃபைனல்ஸ் ஆட்டம் ஜெயித்தாரானால், அன்று உங்கள் மேசைக்கு முதலில் வருகிறவன் நானாகத்தான் இருப்பேன்.